முயல்கள் சுகமாக இருக்கின்றன

தெல்தெனிய
14.09.2024

அன்புத் தம்பி றெஜினோல்டுக்கு,

சேசுவின் சமாதானம் உன் வீட்டிலும் கடையிலும் தங்குவதாக. நான் சுகம். முழங்கால் மட்டும் வானிலை அறிக்கைக்கு முந்தியே மழையைச் சொல்லிவிடுகிறது. உன் பிரஷர் எப்படி? ஷிரோமியின் இருமல் விட்டதா? நீ கட்டிக்கொண்டதிலிருந்து அந்தப் பெண் இருமிக்கொண்டே இருக்கிறாள் என்று சொன்னால் கோபிப்பாய்.

மடத்தில் நாங்கள் சுடுகிற பூசை அப்பத்தைச் சின்னமுத்து தன் த்ரீவீலில் கண்டிக் கோவில்களுக்குக் கொண்டுவரும்போது, கட்டுகஸ்தோட்டையில் உன் கடை வாசலில் ஒரு மரப்பெட்டியை இறக்குவான். திறக்கும்போது மெதுவாகத் திற. உள்ளே ஐந்து முயல்கள்.

போன வருடம் ஒரு புண்ணியவதி எங்கள் மடத்துக்கு ஒரு சோடி முயல் கொடுத்தார். முயல் என்றைக்குச் சோடியாக இருந்திருக்கிறது? இப்போது மதில் ஓரம் முழுக்க அவைதான். அவற்றைப் பார்ப்பது என் பொறுப்பு. தோட்டக்காரர் கூட்டைக் கடக்கும் போதெல்லாம் மிளகாய்த்தூளை நினைப்பது அவர் முகத்தில் தெரிகிறது. கடைசியில் மதர் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒங்க தம்பி செல்லப்பிராணிக் கடைதானே வச்சிருக்காரு? அங்க அனுப்புங்க. இல்லாட்டிச் சட்டிக்குத்தான் போகும்." மடத்துக்கு வந்த இத்தனை வருடத்தில் உன் தொழிலை நினைத்து நான் கடவுளுக்கு நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.

இவை இரண்டு மாதம் முழுதாகத் தாயோடு இருந்த குட்டிகள். காய்ந்த புல்தான் சாப்பாடு. சந்தையில் கழிக்கிற கோவா இலையைப் போடாதே, வயிறு ஊதிவிடும். கம்பியின் மேல் நிற்க வைக்காதே, ஒரு பலகை போடு. வெயிலும் வேண்டாம். நாய்க்குட்டிகளுக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

எந்த முயல் எந்த வீட்டுக்குப் போனது என்று எழுது. சிஸ்டர்மார் அந்த வீடுகளுக்காகச் செபிக்க ஆசைப்படுகிறார்கள். மாதம் ஒரு கடிதம்தான் எனக்கு அனுமதி. கிறிஸ்து பிறப்புக்கு முந்திய திருவருகைக் காலத்திலும் உயிர்ப்புக்கு முந்திய தவக்காலத்திலும் அதுவும் இல்லை. அந்த நாட்களில் வருகிற கடிதங்களை மதர் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டி, பெருநாளன்றுதான் தருவார். வருடா வருடம் சொல்கிறேன், வருடா வருடம் நீ மறந்துபோய், அக்கா பதில் போடவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாய்.

உங்கள் இருவரையும் தேவமாதாவின் கையில் ஒப்படைத்து முடிக்கிறேன்.

உன் அக்கா,
அனற்


கட்டுகஸ்தோட்டை
02.10.2024

பாசமுள்ள அக்காவுக்கு,

உங்கள் செபத்தால் நாங்கள் சுகம். என் பிரஷரை நான் பார்க்கப் போவதில்லை, அதுவும் என்னைத் தேடி வருவதில்லை. ஷிரோமியின் இருமலுக்குக் காரணம் நான் இல்லை, கடையில் பறக்கிற லவ் பேர்ட்ஸ் இறகு.

உங்கள் ஐந்து பேரும் வந்த கிழமையே போய்விட்டார்கள். சாம்பல் நிறத்தான் அனிவத்தையில் ஒரு பேங்க் மேனேஜர் வீட்டில் இருக்கிறான். மேனேஜர் ஐயா வேலை விட்டு வந்ததும் டையைக்கூடக் கழற்றாமல் அவனோடு தரையில் உட்கார்ந்துவிடுகிறாராம். மண்ணிறச் சோடி அம்பிட்டியவில் ஒரு டீச்சர் வீட்டில். பிள்ளைகள் அதற்குத் தலையணை தைத்திருக்கிறார்கள். வெள்ளை இரண்டையும் அக்குறணையிலிருந்து வந்த ஒரு குடும்பம் கொண்டு போனது. போகும்போது பிள்ளை மடியில் வைத்துக்கொண்டு கையசைத்தது. முயலும் காதசைத்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

ஒரே ஒரு விஷயம் அக்கா. அடுத்த முறை கொஞ்சம் சின்னதாக அனுப்புங்கள். உள்ளங்கையில் அடங்கினால்தான் சனத்துக்கு மனம் இளகும். பெரிசைப் பார்த்தால் உங்கள் தோட்டக்காரர் மாதிரித்தான் பார்க்கிறார்கள். நேற்றும் ஒருவர் கூட்டுக்கு முன்னால் நின்று, "இது எத்தன கிலோ வரும் மாத்தயா?" என்று கேட்டார்.

கவலைப்படாதீர்கள். உள்ளே இருக்கிற உங்களுக்குக் கவலை எதற்கு? முழங்காலுக்குச் சித்தாலேப தடவுங்கள்.

ஆசீர் வேண்டும் தம்பி,
றெஜி


தெல்தெனிய
10.11.2024

அன்புத் தம்பி றெஜிக்கு,

இறைவன் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம். ஓயாத மழை. நனைந்த புல்லைக் குசினி அடுப்பின் மேல் காயவைத்துக் கொடுக்கிறேன். சமையல் சிஸ்டர் என்னோடு பேசுவதில்லை.

உன் கடிதத்தை மாலை ஓய்வு நேரத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். டையோடு தரையில் உட்காருகிற மேனேஜரைக் கேட்டு மதரே சிரித்துவிட்டார். சிஸ்டர் சஞ்சீவனி அந்த மேனேஜருக்குப் பதவி உயர்வு கிடைக்க நவநாள் செபம் தொடங்கியிருக்கிறார். அம்பிட்டிய டீச்சரின் பிள்ளைகளுக்குப் பரீட்சை எப்போது என்று கேட்கச் சொன்னார்.

நான் சொன்னபடி செய்தாயா என்று நீ எழுதவில்லையே. கூட்டை எந்த இடத்தில் வைத்தாய்? பலகை போட்டாயா? என்ன கொடுத்தாய்? நீ பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற ஆள். உனக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை என்று தெரிந்தும் சொல்கிறேன்: முயல் தன் வலியைச் சொல்லாது. நாய் ஊளையிடும், கோழி கத்தும், இது சாகிற அன்றைக்கும் உன்னைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கும். நன்றாக இருக்கிறது என்றுதான் நீ நினைப்பாய்.

நத்தாருக்கு ஒரு பெட்டி அனுப்புகிறேன். நீ கேட்டபடி சின்னதாக, தாயிடமிருந்து இரண்டு கிழமை முந்தியே பிரித்து. மதர் சம்மதித்துவிட்டார். எனக்கு மனமில்லை, கீழ்ப்படிகிறேன். நத்தார் முடியும் வரை என் கடிதத்தை எதிர்பார்க்காதே.

பாலன் சேசு உன் வீட்டில் பிறக்கட்டும்.

அக்கா அனற்


கட்டுகஸ்தோட்டை
08.01.2025

பாசமுள்ள அக்காவுக்கு,

புது வருடத்தில் உங்களுக்கும் சிஸ்டர்மாருக்கும் எல்லா நலமும் கிடைக்கட்டும். நாங்கள் சுகம். ஷிரோமி பாலப்பம் சுட்டாள், முறுக்குச் சுட்டாள், என்னையும் அவ்வப்போது சுட்டாள்.

நத்தார்ப் பெட்டி வந்து இறங்கியதுதான் தெரியும். கடை வாசலில் சனம். ஒன்று வத்தேகமவில் பேக்கரிக்காரர் வீட்டுக்குப் போனது. வெதுவெதுப்பான இடம் என்று பேக்கரி மூலையிலேயே படுத்துக்கொள்கிறதாம். இரண்டு, புதிதாகக் கலியாணம் முடித்த ஒரு சோடிக்கு. மாப்பிள்ளை பெண்ணுக்குத் தங்கச் சங்கிலி கொடுத்தபோது சிரிக்காத பெண் முயலைக் கொடுத்ததும் சிரித்தாளாம். பழைய ஆட்களும் சுகம். சாம்பல் நிறத்தானைப் போன கிழமை பார்த்தேன். டொக்டர் ஐயா வீட்டில் ராசா மாதிரி இருக்கிறான்.

இனி உயிர்த்த ஞாயிறு வருகிறது அக்கா. அந்தக் கிழமையில் கண்டியில் முயல் கேட்காத வீடு இல்லை. ஹோட்டல்காரர்கள்கூடக் கூடையில் வைத்துக் காட்ட வாங்குகிறார்கள். இந்த முறை நிறைய வேண்டும். ஒரு மாதக் குட்டி போதும். பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும்போதே வரட்டும்.

நீங்கள் சிரிக்கிற மாதிரி எழுத வேண்டும் என்றுதான் இரண்டு நாளாக இந்தக் கடிதத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். சிரித்தீர்களா?

ஆசீர் வேண்டும் தம்பி,
றெஜி


தெல்தெனிய
09.02.2025

அன்புத் தம்பி றெஜிக்கு,

தேவனின் இரக்கம் உன்னைவிட்டு நீங்காதிருக்கட்டும். எனக்குக் காய்ச்சல் வந்து போனது, இப்போது எழுந்து நடமாடுகிறேன். ஷிரோமியைக் கேட்டதாகச் சொல்.

சிரித்தேன். பிறகு சிஸ்டர் சஞ்சீவனி என்னைக் கேட்டார்: "சாம்பல் நெறத்தான் பேங்க் மேனேஜர் வீட்டுலதானே இருந்தான்? எப்ப டொக்டர் வீட்டுக்குப் போனான்? நான் யாருக்கு நவநாள் சொல்றது?" அவருக்கு வயது எண்பது தாண்டியும் ஞாபகம் பழுதில்லை. எனக்கும்தான். எழுது.

ஒரு மாதக் குட்டி என்பது பால் மறக்காத குட்டி. அதைத் தாயிடமிருந்து பிடுங்கினால் வயிற்றால் போகும், ஒரே நாளில் முடிந்துவிடும். இதை மதரிடம் சொன்னேன். "ஒங்க தம்பி அந்தத் தொழில்லயே இருக்கறவரு, அவருக்குத் தெரியாததா?" என்று கேட்டார். உனக்குத் தெரியாது என்று என் தம்பியை நானே எப்படிச் சொல்வேன்?

எனவே கேட்டுக்கொள். குருத்து ஞாயிறுக்கு முதல் நாள் சின்னமுத்து அப்பங்களோடு பெட்டியைக் கொண்டுவருவான். தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் மார்ச் ஐந்தாம் திகதி. அனுப்ப வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால், கடையில் வைக்க ஒழுங்கான இடம் இல்லை என்றால், அதற்கு முன் எழுதிவிடு. பிறகு நீ எழுதுவது மதரின் அலுமாரிக்குத்தான் போகும். குடும்பத்தில் மரணம் என்றால் மட்டும் போன் எடுக்கலாம்.

நீ வேண்டாம் என்று எழுதினால் நான் உன்னை ஒன்றும் நினைக்க மாட்டேன். இதை இரண்டு தரம் வாசி.

உனக்காக மன்றாடும்
அக்கா அனற்


கட்டுகஸ்தோட்டை
27.02.2025

பாசமுள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் என்று கேட்டுக் கவலை. கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள். இங்கே சுகம்.

சிஸ்டர் சஞ்சீவனி பொலிஸில் சேர்ந்திருக்க வேண்டியவர். மேனேஜர் ஐயாவுக்கு அநுராதபுரத்துக்கு மாற்றம் வந்துவிட்டது. வெயில் ஊருக்கு முயலைக் கொண்டுபோக மனமில்லாமல் பக்கத்து வீட்டு டொக்டரிடம் கொடுத்துவிட்டுப் போனார். பிரியும்போது கண் கலங்கினாராம். நவநாளை இருவருக்கும் பாதி பாதியாகச் சொல்லலாம்.

இடம் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. யோசிக்காமல் அனுப்புங்கள். இருக்கிற எல்லாவற்றையும் அனுப்புங்கள்.

நல்ல தவக்காலமாக அமையட்டும்.

றெஜி


கட்டுகஸ்தோட்டை
22.03.2025

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அண்ணிக்கு,

வணக்கம். சிஸ்டர் என்றுதான் உங்களைக் கூப்பிட வேண்டுமாம், எனக்கு அண்ணி என்றுதான் வருகிறது. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று கும்பிடுகிறேன். நான் கலியாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவள். மடத்து ஒழுங்குகள் எனக்குத் தெரியாது. உங்களுக்கு நேராக எழுதுவது பிழை என்றால் மன்னித்துவிடுங்கள். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

அண்ணி, பெருநாளுக்கு முயல் அனுப்ப வேண்டாம்.

உங்கள் கடிதங்களை அவர் எனக்கு வாசிக்கத் தருவதில்லை. சிரிப்பு வருகிற இடங்களை மட்டும் வாசித்துக் காட்டுவார். ஆனால் உங்களுக்கு எழுதும்போது தனக்குத்தானே சொல்லிப் பார்த்து எழுதுவார், நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். பேங்க் மேனேஜர் என்று யாரும் இல்லை. டொக்டரும் இல்லை. பேக்கரியும் இல்லை. சாம்பல் நிற முயல் வந்த மூன்றாம் நாளே செத்துப்போனது. பக்கத்துக் கூட்டில் விற்பனைக்கு வந்த நாய்க்குட்டிகள் இரண்டு இரவு குரைத்தன. அது மூலையில் ஒட்டிக்கொண்டு சாப்பிடவேயில்லை. காலையில் விறைத்துக் கிடந்தது.

கடையை நீங்கள் பார்த்ததில்லை. தகரக் கூரை. மேலே லவ் பேர்ட்ஸ், நடுவில் மீன் தொட்டிகள், கீழ்த்தட்டில்தான் முயல். முயல் சலம் விட்டால் அது மற்றக் கூடுகளில் வடியக்கூடாது என்று அங்கே வைத்திருக்கிறார். கடையைக் கழுவுகிற தண்ணீர் முழுக்க அந்தத் தட்டின் வழியாகத்தான் போகும். நான் ஒரு தரம் பலகை போட்டேன். அது ஊறி நாறுகிறது என்று எடுத்துவிட்டார். கம்பியில் நின்று நின்று பாதம் புண்ணாகிவிடுகிறது. சந்தையில் பொறுக்கி வருகிற கோவா இலைதான் சாப்பாடு. பகலில் கூரை கொதிக்கும்போது வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கும். எனக்கே கடைக்குள் இருக்க முடியவில்லை.

நத்தாருக்கு நீங்கள் அனுப்பியவை எல்லாவற்றுக்கும் கழிச்சல் வந்தது. அக்குறணையிலிருந்து கைரியா என்று ஒரு தாய் தன் மகளோடு வந்தார். சப்பாத்துப் பெட்டிக்குள் செத்த முயல். சண்டை பிடிக்க வரவில்லை. "நாங்க என்ன பிழ செஞ்சோம்னு மட்டும் சொல்லுங்க, புள்ள ரெண்டு நாளா சாப்பிடுதில்ல" என்று கேட்டார். இவர் இன்னொன்றை எடுத்து அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். அதற்கும் அப்போதே கழிச்சல் தொடங்கியிருந்தது. எனக்குத் தெரியும். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் கெட்டவர் இல்லை அண்ணி. செத்ததைக் கையில் எடுக்கப் பயப்படுவார், நான்தான் எடுக்க வேண்டும். "உள்ளுக்கு இருக்கிற அக்காவுக்கு நல்ல சேதி மட்டுந்தான் போகணும், அவ எல்லாத்தயும் விட்டுட்டுப் போனவ" என்பார். உங்களைச் சிரிக்க வைக்க எழுதத் தொடங்கி, இப்போது எழுதியதை நிறுத்த வழி தெரியாமல் இருக்கிறார். நீங்கள் "இனி அனுப்ப மாட்டேன்" என்று ஒரு வரி எழுதினால் போதும். காரணம் எழுத வேண்டாம். என் பெயரும் வேண்டாம்.

பெருநாளுக்கு முன்பே எழுதிவிடுங்கள்.

உங்கள் ஆசீர்வாதத்தை வேண்டும்
ஷிரோமி


கட்டுகஸ்தோட்டை
09.04.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டுகிறேன். என்மேல் கோபமா? பதில் இல்லையே.

நேற்று மடத்துக்குப் போன் எடுத்தேன். ஒரு சிஸ்டர், "வீட்டுல யாருக்காச்சும் மோசமா? மரணமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படின்னா தவக்காலம் முடியட்டும், பெறகு எடுங்க" என்று சொன்னார். வேறென்ன விஷயம் என்று அவர் கேட்கவுமில்லை. கேட்டிருந்தாலும், முயல் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. செத்தது மனிதர் என்றால் சொல்லலாம், முயலுக்காகத் தவத்தைக் கலைக்கச் சொல்வதா என்று நினைத்து வைத்துவிட்டேன்.

அப்பம் கொண்டுவந்த சின்னமுத்து அண்ணனிடமும் கேட்டேன். "மதர் ஏத்தச் சொன்னா ஏத்துறதும்மா. நான் கொண்டு வராட்டி அங்க தோட்டத்துல சமச்சிருவாங்களே" என்றார். இவரிடம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். சனிக்கிழமை வரும் என்று வாசலில் போர்டு எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்.

போனில்தான் பேச முடியவில்லை, கடிதமாவது உங்கள் கைக்கு வந்திருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். தயவு செய்து அனுப்பாதீர்கள்.

ஷிரோமி


தெல்தெனிய
21.04.2025

அன்புத் தம்பி றெஜிக்கு,

ஆண்டவர் உயிர்த்தார். அந்த மகிழ்ச்சி உங்கள் இருவருக்கும் கிடைக்கட்டும். நான் நடமாடுகிறேன். நேற்றுப் பூசை முடிந்து மதர் அலுமாரியைத் திறந்து கடிதங்களைப் பங்கிட்டார். எனக்கும் வந்திருந்தன. அப்போது தொடங்கி நான் ஓய்வு நேரத்துக்குப் போகவில்லை, தலையிடி என்று சொல்லிவிட்டேன். அதுவும் உண்மைதான்.

குருத்து ஞாயிறுக்கு முதல் நாள் பெட்டி வந்திருக்கும். நானே ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தேன். தாய் கூட்டுக்குள்ளே நின்று பின்னங்காலால் தரையில் அடித்துக்கொண்டேயிருந்தது. அது ஆபத்து என்று சொல்கிற சத்தம். நான் அதனிடம், "சும்மா இரு, தம்பி பார்த்துக்கொள்வான்" என்று சொன்னேன்.

எல்லாவற்றையும் பற்றி எழுதி நீ கஷ்டப்பட வேண்டாம். அந்தப் பேற்றுக் குட்டிகளில் எல்லாவற்றிலும் சின்னது ஒன்று. வெள்ளை. இடது காது நிமிராமல் மடிந்தே இருக்கும். அதைப் பற்றி மட்டும் எழுது. எப்படி இருக்கிறது?

ஷிரோமிக்கு என் தனி அன்பைச் சொல். அவளுக்காக ஒவ்வொரு நாளும் செபிக்கிறேன் என்று சொல்.

உன் அக்கா,
அனற்


கட்டுகஸ்தோட்டை
02.05.2025

பாசமுள்ள அக்காவுக்கு,

உங்கள் உயிர்ப்பு வாழ்த்துக் கிடைத்தது. நாங்கள் சுகம். தலையிடிக்குக் கண்ணைப் பரிசோதியுங்கள், கண்ணாடி பழசாகியிருக்கும். ஷிரோமி உங்கள் அன்பைக் கேட்டதும் அழுதுவிட்டாள். பெண்கள் எதற்கு அழுவார்கள் என்று யார் கண்டது?

காது மடிந்தவளைக் கேட்டீர்களே, சரியான ஆளைத்தான் கேட்டீர்கள்! பெட்டியைத் திறந்ததும் முதலில் எட்டிப் பார்த்தவள் அவள்தான். ஹந்தானையில் தனியாக இருக்கிற ஒரு சங்கீத டீச்சர் அவளைக் கேட்டு வந்தார். மற்றவர்கள் காது பழுது என்று தள்ளிவைத்ததை அவர்தான் மார்போடு அணைத்துக்கொண்டு போனார். டீச்சர் மாலையில் வயலின் வாசிப்பாராம். அந்த நேரம் மட்டும் அவள் மடிந்த காதைத் தூக்குவாளாம். வயலினை நிறுத்தினால் காது மறுபடி விழுந்துவிடுமாம்! நேற்றுக்கூட வழியில் கண்டேன். "தம்பி, எனக்கு இந்த வயசுல ஒரு தொணயக் குடுத்திருக்கீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

மற்றவர்களும் சுகம். இதைச் சிஸ்டர் சஞ்சீவனிக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு நிச்சயம் பிடிக்கும்.

ஆசீர் வேண்டும் தம்பி,
றெஜி


தெல்தெனிய
11.05.2025

றெஜிக்கு,

கடவுள் நம் இருவருக்கும் இரங்கட்டும். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

காது மடிந்ததை நான் பெட்டியில் வைக்கவில்லை. பயணம் தாங்காது என்று கடைசி நேரத்தில் எடுத்து ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டேன். தாயிடம் இன்னும் பால் குடிக்கிறது. நான் இதை எழுதும்போது வயலினுக்குக் காது தூக்குகிற அந்த முயல் இங்கே என் செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறது. நோஞ்சான் என்று விட்டுவைத்ததுதான் உயிரோடு இருக்கிறது.

மற்றவற்றைப் பற்றி எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. நீயே சொல்லிவிட்டாய்.

உன்னைச் சோதித்தது பாவம் என்று பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பாதர் அதற்கு அபராதம் தந்தார். இன்னொன்றையும் சொன்னேன்: பால் மறக்காததைத் தாயிடமிருந்து எடுத்தது என் கை. தெரிந்துதான் எடுத்தேன். அதற்கு அவர் தந்த அபராதம் எனக்குப் போதவில்லை.

கோபம் வருகிறது, றெஜி. உன்மேல் மிகவும் கோபம் வருகிறது. சட்டிக்குப் போயிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். இத்தனை சிஸ்டர்மார் இல்லாத வீடுகளுக்காக முழங்காலில் நின்றார்கள். இருந்த உயிர்களுக்காக ஒருவரும் ஒரு வார்த்தை செபிக்கவில்லை. அவை சுகமாக இருக்கின்றன என்று நினைத்தோம்.

மதரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். கடா முயல்களைத் தனியே அடைத்தாயிற்று. இனி இங்கே குட்டி இல்லை. இருப்பவை சாகும் வரை இங்கேதான் இருக்கும். தோட்டக்காரரிடம் மதரே பேசிவிட்டார்.

உன் கடையில் இன்னும் உயிரோடு இருக்கிற என் முயல்களை வெள்ளிக்கிழமை சின்னமுத்துவிடம் கொடுத்து அனுப்பு. எந்த நிலையில் இருந்தாலும் பரவாயில்லை. கழிச்சலோ புண்ணோ, அனுப்பு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா,
அனற்


கட்டுகஸ்தோட்டை
16.05.2025

அக்கா,

திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லை.

பெருநாளுக்கு முதலே தொடங்கிவிட்டது. சின்னதாக இருந்ததால் சாவும் சின்னதாக இருந்தது, எனக்குச் சத்தமே கேட்கவில்லை. சிலதை வாசலில் கூடையில் வைத்து விற்றேன். அவை எங்கே இருக்கின்றன என்று தெரியாது. வாங்கியவர்கள் செத்தால்தான் திரும்பி வருவார்கள். இரண்டு பேர் வந்தார்கள். மூன்றாவது ஆள் வரும்போது நான் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன், ஷிரோமிதான் பேசி அனுப்பினாள்.

கடைசி ஒன்று மே இரண்டாம் திகதி வரை இருந்தது. அன்றைக்குப் பின்னேரம் ஷிரோமி வீட்டுக்குப் பின்னால் அதற்குக் குழி வெட்டினாள். மண்வெட்டிச் சத்தம் எனக்குக் கேட்டது. நான் மேசையில் இருந்து உங்களுக்கு வயலினை எழுதிக்கொண்டிருந்தேன்.

காது மடிந்ததை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் அக்கா. நான் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

றெஜினோல்ட்